பணியிடம்: எங்கும்

கடிதத்தில் சம்பளம் என்பதற்கு நேரே
நான் மூன்று முறை எண்ணிப் பார்த்த பூஜ்யங்கள்.
பணியிடம் என்பதற்கு நேரே
ஒரே சொல்: எங்கும்.

எங்கும் என்றால்
தூணிலும் துரும்பிலும் என்று
பள்ளியில் படித்த ஞாபகம்.
டோம்பிவ்லி கிழக்கில், நான்காவது மாடியில்,
ஓர் அறையும் ஒரு சமையலறையுமான எங்கள் வீட்டில்
தூண் இல்லை.
துரும்பு வைக்கவும் இடமில்லை.

ஞாயிறன்று தையல் டேப்பை எடுத்துக்கொண்டு
எங்கும் எங்கே என்று தேடினேன்.
கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இருபத்தொரு அங்குலம்.
பீரோவை இனித் திறக்கவே வேண்டாமென்றால்
ஒரு மேசை போடலாம்.
ஜன்னலடியிலும் போடலாம்,
வாஷிங் மெஷின் வாயை மூடிக்கொண்டிருந்தால்.
நாற்காலிக்கென்று தனியே பதினைந்தாயிரம் தருகிறார்களாம்.
நாற்காலிக்குக் கீழே தரையும் தருவார்களா என்று
கேட்க நினைத்து, கேட்கவில்லை.

கட்டிலில் செல்வின் தூங்கிக்கொண்டிருந்தார்.
பிவண்டிக் கிடங்கில் இரவு ஷிப்ட்.
பகல் இரண்டு மணி வரை
இந்த வீடு அவருடைய இமைக்குள் இருக்கும்.
விசில் வேண்டாமென்று
குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டுச் சோறு வடிக்கிறோம்.
அந்த நேரத்தில்தான் நான்
திரையைப் பார்த்து
என் குரல் கேட்கிறதா, என் குரல் கேட்கிறதா என்று
கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கணக்குப் போட்டேன்.
போக வர மூன்றேகால் மணி நேரம்.
ஆண்டுக்கு முப்பத்திரண்டு நாள்,
இரவும் பகலுமாக, ரயிலில் கிடக்கிறேன்.
யாரிடம் சொன்னாலும் விட்டுத்தொலை என்பார்கள்.
செல்வினும் அதைத்தான் சொன்னார், கண் திறக்காமல்.
ஜெனிலா மட்டும்
"அப்போ தினமும் வீட்லயேதான் இருப்பியா?" என்றாள்.
ஆசையா, அச்சமா?
பதின்மூன்று வயதுக் குரலில்
இரண்டும் ஒரே சுதி.

அலுவலகத்தை நினைத்து ஏங்க ஒன்றுமில்லை.
கைப்பிடி உடைந்த ஒரு குவளை,
ஏசிக்குப் பயந்து வாங்கிய சால்வை,
ஒரு முறையும் பூக்காத தொட்டிச் செடி.
ஒரு பைக்குள் அடங்கும்.

பைக்குள் அடங்காதது வேறு.
8.12 லோக்கலில், தாணே தாண்டியபின்,
மூவர் இருக்கையில் நான்காவது ஆளாக
பாதி உடம்பு பலகையில், பாதி காற்றில்.
வைஷாலி தாய் பட்டாணி உரிப்பாள்.
நஸ்ரீன் என் தோளில் தூங்குவாள்.
அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்றுகூட
இதுவரை கேட்டதில்லை.
யாரும் என்னை
அம்மா என்றோ மேடம் என்றோ கூப்பிடாத
முப்பத்தைந்து நிமிடம்.
அதை எந்தச் சம்பளத்தோடு கூட்டுவது,
எதிலிருந்து கழிப்பது?

அதே பெட்டியில்தான்
போன ஜூலையில், தண்டவாளத்தில் வெள்ளம் ஏற,
நான்கு மணி நேரம் நின்றேன்,
மூத்திரத்தை அடக்கிக்கொண்டு.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் பதில் வேண்டுமாம்.
சரியென்றால், பழைய இடத்துக்கு முப்பது நாள் நோட்டீஸ்.
வியாழன் காலை பார்த்தால்
ரயில் பாஸ் முடிந்திருந்தது.

வரிசையில் பின்னால் நின்றவளின் டிபன் பை
என் இடுப்பைக் குத்தக் குத்த,
கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்
தலை நிமிராமல் கேட்டார்:
ஒரு மாதமா, மூன்று மாதமா?

எப்போதும் மூன்றுதான் எடுப்பேன்.
அதுதான் லாபம்.
மூன்றுக்கான ரூபாயை எண்ணிக்
கையிலேயே வைத்திருந்தேன்.

ஏக் மஹினா, என்றது வாய்.

மீதியை எண்ணாமல் பையில் திணித்துக்கொண்டு ஓடினேன்.
தாணேயில் நஸ்ரீன் நகர்ந்து
பாதி இடம் தந்தாள்.
சும்மா உட்காராதே என்று
என் மடியில் ஒரு பிடி பட்டாணியைக் கொட்டினாள் வைஷாலி தாய்.
உரித்தேன்.
முலுண்டு போனது, பாண்டூப் போனது.
குர்லா வரைக்கும் சொல்லவில்லை.
தாதரில் இறங்கும்போது
நகக்கண்ணில் பச்சை ஒட்டியிருந்தது.