பதினேழு

மேல்விஷாரம், தோல் தொழிற்சாலை, இரவு பத்தேகால்.
ஒன்றிலிருந்து இருநூற்று ஐம்பத்து நான்கு வரை
கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போகிறது மென்பொருள்:
இருக்கிறாயா, இருக்கிறாயா.
பிரிண்டர் இருக்கிறேன் என்றது.
கேட் கேமரா, எடைமேடை,
சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் துருவேறிய வைஃபை பெட்டி,
எல்லாம் பேரும் ஊரும் சொல்லின.
அறுபத்தொன்று மட்டும்
இருக்கிறேன் என்கிறது,
யார் நீ என்றால் பேச்சில்லை.

நேரம் கடந்தது. மறுமுயற்சி. நேரம் கடந்தது.

செத்திருந்தால் சுலபம்.
கேபிளைப் பிடுங்கி மாட்டுவேன், எலி கடித்ததா பார்ப்பேன்,
புதுசு கேட்டுச் சீட்டு எழுதுவேன்.
இது உயிரோடு இருக்கிறது.
உள்ளே விளக்கு எரிகிறது, டிவி ஓடுகிறது,
கடன்காரனுக்கு மட்டும் தாழ்ப்பாள்.

ரகசியச் சொல்லை எழுத்தெழுத்தாய்ப் பார்த்தேன்,
கடைசியில் ஒட்டிய வெற்றிடம் உண்டா என்பது வரை.
நூற்று அறுபத்தொன்றாம் போர்ட்டைத் தட்டிப் பார்த்தேன்.
ஃபயர்வாலைப் பத்து நிமிடம் அணைத்துவைத்தேன்,
மேனேஜருக்குத் தெரிய வேண்டாம்.
பெங்களூர் ரோட்டில் லாரிகள்.
கீழே டிரம்மில் தோல் புரண்டு விழும் ஓசை,
ஈரமாய், ஒரே அளவில்.
மே மாதம். பாதிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

டீயோடு வந்தார் வாட்ச்மேன் சம்பங்கி.
"யாருமா கிடைக்கல?"
"அறுபத்தொண்ணு."
"மாடிப் பொட்டியா? அது அத்தீக் பாய் வச்சது.
அவர் பேச்சத்தான் கேக்கும்."
கிண்டலாகத்தான் சொன்னார்.

தோஹாவில் மணி எட்டரை.
யாரோ பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவில் அத்தீக்:
"ஆமா, பதினேழுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.
என் லேப்டாப் நம்பர். அப்போ வைரஸ் பயம்,
அப்படிப் பூட்டிட்டேன்."
வேறு எதுவும் விசாரிக்கவில்லை. வைத்துவிட்டார்.

என் எண்ணை அழித்தேன்.
பதினேழு என்று அடித்துச் சரி கொடுத்தேன்.
எட்டு வினாடி நான் எந்த எண்ணும் இல்லை.
பிறகு அத்தீக்.

கேட்டதும் கொட்டியது.
மூன்றாம் போர்ட்: கேட், சம்பங்கி அண்ணன்.
பன்னிரண்டு: பிடுங்காதே, சம்பளக் கணக்கு.
பத்தொன்பது: தெரியவில்லை, ஆனால் ஓடுகிறது.
பொறுப்பாளர்: அத்தீக், உள் எண் நாற்பத்து மூன்று.
இடம்: மாடி, கொய்யா மரம் தெரியும் ஜன்னல்.
அந்த ஜன்னலை அடைத்து உப்பு மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.
இயங்கும் காலம்: பன்னிரண்டு நாள்.

பன்னிரண்டாம்!
நானூற்றுத் தொண்ணூற்றேழு நாளில்
அதன் கணக்கு நிரம்பிப் பூஜ்யத்துக்கு விழும்.
இரண்டு தடவையாவது விழுந்திருக்கும்.
மேலே படிந்த தூசியைக் கேட்டால் சரியாகச் சொல்லும்.

பொறுப்பாளர் இடத்தில் சுகிர்தா என்று எழுதினேன்.
உள் எண்ணை மாற்றவில்லை, அதே மேஜைதான்.
ஜன்னல் வரியில் கர்சர் கொஞ்ச நேரம் மின்னியது.
உப்பு மூட்டை என்றா போடுவது? விட்டுவிட்டேன்.
தேடும் சர்வருக்கு அனுமதி சேர்த்தேன்.
பதினேழை நீக்கினேன், விதி அது,
நீக்கிய கணம் திரை உறைந்தது.
அப்போதும் நான்தானே பதினேழு.
என்னை நானே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

சம்பங்கி சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

என் பழைய எண்ணுக்குத் திரும்பி
முதலிலிருந்து தேடவிட்டேன்.
பச்சை எழுத்தில் வந்தது:
புதிய கருவி கண்டறியப்பட்டது, ஒன்று.
"புதுசா?" என்றார் சம்பங்கி, "அதுவா?"

மாற்றியதைச் சேமிக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.
கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டால்
காலையில் அது மறுபடி அத்தீக்குக்குக் காத்திருக்கும்.
சர்வர் வழியாக உள்ளே போய்ச் சேமித்துவிடலாம்,
ஒரு நிமிட வேலை.
டீ ஆறிக்கொண்டிருக்கிறது.
குடித்துவிட்டுப் போகிறேன்.