ஆறு புள்ளிக் கோடு

புன்டா அரீனாஸ். காற்று கதவைப் பிடித்து உலுக்குகிறது.
ரத்த வங்கியின் பின்னறையில்
தீமின் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறாள் எலியானா.

கெட்டுப்போன பைக்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை:
மென்பொருளோடு வந்த அழகு.
பால்டோமேரோவுக்கு இரண்டும் ஒரே சேற்று நிறம்.
"இது எது?" என்று
பதினோரு வருடமாய்ப் பக்கத்து மேசையைக் கேட்கிறான்,
விளையாட்டுப் போல.

நிறத்தை எடுத்தாள்.
கெட்டதற்குத் தடித்த கோடு, ஆறு புள்ளி.
நல்லதற்கு ஒன்றுமில்லை.
சேமித்தால்
திரை முழுக்கச் சாம்பல்.
நூற்று நாற்பதாம் வரி. ஒரு டேக் மூடவில்லை.
சாய்கோட்டைப் போட்டாள்.

காலையில் அவன் பையை எடுத்தான்,
திரையைப் பார்த்தான்,
வாயைத் திறந்தான்.
மூடிக்கொண்டான்.

பக்கத்து மேசைக்காரிதான்
நிமிர்ந்து பார்த்தாள்,
யாரோ கூப்பிட்டு
நிறுத்திக்கொண்டதுபோல.