வசூலாகும் தேதி வரை

எண்பது மூட்டை பொன்னி,
மூட்டை ஆயிரத்து ஐந்நூறு.
இருபது ரூபாய்ப் பத்திரத்தில்
ரைஸ்மில் குஞ்சிதபாதம் போட்ட கையெழுத்து
நெல்லைவிடத் திரட்சியாக இருந்தது.

தை முப்பதுக்குள் பணம் என்று பேச்சு.
எந்தத் தை என்று எழுதவில்லையே என்றார்
அவருடைய வக்கீல்.
நாலு தை போயிற்று.

இன்று மன்னார்குடி கோர்ட்டில் ஜெயித்துவிட்டேன்.
தாவா தேதி முதல் வசூலாகும் தேதி வரை
ஆண்டுக்கு ஆறு சதவீதம்.
டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்:
வட்டி மாதம் அறுநூறு.

நீடாமங்கலம் கேட்டில் பஸ் நிற்கிறது.
சரக்கு ரயில்.
பெட்டி பெட்டியாக
யார் வீட்டு நெல்லோ போகிறது.

அந்த வருஷ நடவுக்கு மரகதவல்லியிடம் வாங்கியது
ஒரு லட்சம், நூற்றுக்கு மூன்று.
அவள் தாவா போடுகிறவள் இல்லை.
புதன்கிழமை வருவாள்,
ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பாள்,
குடித்து முடிக்கும்வரை பேசமாட்டாள்.

போனில் கேட்டாள்: "ஜெயிச்சாச்சாமே?
எதுவரைக்கும் வட்டி?"
வசூலாகும் தேதி வரை என்றேன்.
சிரித்தாள்.
"நம்ம நோட்டுலயும் அதுதானே."

கடைசிப் பெட்டியும் போய்விட்டது.
கேட்டைத் திறக்கவில்லை.
எதிர்ப் பக்கமிருந்து
இன்னொன்று வருகிறதாம்.