உள்கழுத்தில் எழுதியிருப்பது

ஏன் ஸ்பானிஷ் என்று
முதல் நாள் எல்லாரையும் கேட்டார் ஃப்ளாவியா மேடம்.
பார்சிலோனா ஆட்டம் என்றான் ஒரு பையன்.
சிலிக்கு அனுப்புகிறார்கள் என்றார்
கம்பெனி அட்டையைக் கழற்ற மறந்து வந்தவர்.
கடைசி பெஞ்சில் என் முறை.
சட்டைக் கழுத்தில் இருப்பதைப் படிக்க என்றேன்.
சிரித்தார்கள்.

பத்தொன்பது வருடம் பீன்யாவில்
காலரைத் திருப்பி, தையல் எண்ணி, பிசிறு கத்தரித்து,
அந்தத் துணிச்சீட்டு நேராக இருக்கிறதா
என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.
கோணலா, பிரி.
தலைகீழா, பிரி.
என்ன எழுதியிருக்கிறது என்று
பிரித்தவளுக்கும் தெரியாது, பிரிக்கச் சொன்ன எனக்கும் தெரியாது.

விண்ணப்பம் வாங்கும்போது
மகளுக்கா அம்மா என்றார் கவுன்ட்டரில்.
நனகே என்றேன், கன்னடத்தில்.
எத்தனையோ வருடமாய்ப் பேசுகிற சொல்,
அன்றைக்குத்தான் வாய் நிறைய இருந்தது.

ஐந்தரைக்குச் சைரன். ஆறரைக்கு வகுப்பு.
பச்சை வண்டியில் மெஜஸ்டிக்,
அங்கே படியேறி ஓடி ஊதா வண்டி, ஒரே நிறுத்தம்.
தலையில் பஞ்சுத்தூள் இருக்கிறது என்று
பக்கத்து இருக்கைப் பெண் எடுத்துப் போடுவாள்.
அவளுக்கு வயது இருபத்திரண்டு.
எனக்குப் பிடிக்கும் என்பதை அந்த மொழியில் சொல்ல
இங்கிலீஷில் யோசிக்கிற அவள் திணறுவாள்,
பிடிப்பது நானா, பிடிக்கப்படுவதா என்று.
நமக்கென்ன.
எனக்குப் பிடிக்கும், எனக்குத் தலை வலிக்கிறது,
எனக்குப் பசி, எனக்குப் பயம்,
எல்லாம் என்னிடம் தானாக வந்து சேர்கிறவை.

பெரோ என்றால் ஆனால். பெர்ரோ என்றால் நாய்.
சின்ன ர, பெரிய ற பழகிய நாக்கு
நாயையும் ஆனாலையும் சுத்தமாகப் பிரித்தது.
அந்தப் பெருமை ஒரு வாரம்.
எனக்கு நாற்பத்து மூன்று வயது என்று எழுதினேன்,
எழுத்தின் தலையில் போட வேண்டிய நெளிகோட்டை விட்டுவிட்டேன்.
மேடம் காதருகே வந்து சொன்னார்.
எனக்கு என்ன நாற்பத்து மூன்று இருப்பதாக எழுதினேன்
என்பதை இங்கே சொல்லமாட்டேன்.

மூன்றாம் மாதம் பர்ஸிலிருந்து
வீணான சீட்டு ஒன்றை எடுத்து விரித்தேன்.
கையால் துவைக்கவும். பிளீச் கூடாது.
முறுக்கக் கூடாது. நிழலில் உலர்த்தவும்.
என் மாமியார் சொல்வதைத்தான்
கடல் தாண்டி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.
கடைசி வரி, எச்சோ என் இந்தியா.
இந்தியாவில் செய்யப்பட்டது.
யாரால் என்றேன்.
இந்த வினைக்கு ஆள் தேவையில்லை என்றார் மேடம்.
இலக்கணத்தைத்தான் சொன்னார்.

நாங்கள் செய்தோம் என்று மாற்றி எழுதுவதுதான் வீட்டுப்பாடம்.
பெண்கள் மட்டும் என்றால் நாங்கள் என்பது நொசோத்ராஸ்.
ஒரே ஓர் ஆண் சேர்ந்தால் நொசோத்ரோஸ்.
எங்கள் லைனில் நாற்பத்திரண்டு பெண்கள்,
இஸ்திரிக்கு பசவராஜு.
அவனுக்காக அத்தனை பேரும் ஓ-வுக்கு மாறணுமா?
மாறணும்.
வீட்டுப்பாடத்தில் அன்றைக்கு
பசவராஜுக்கு லீவு கொடுத்துவிட்டேன்.

போன புதன்கிழமை வாங்குகிறவர்கள் வந்தார்கள்.
தலை நிமிராதீர்கள், பேசாதீர்கள் என்று
காலையிலேயே மைக்கில் சொல்லியாயிற்று.
என் மேசையில் நின்ற வெள்ளைக்கார அம்மா
ஒரு காலரைத் திருப்பிப் பார்த்தபடி
கூட வந்தவரிடம் முணுமுணுத்தாள்,
கே கலோர்.
கேட்டு எழுதும் பரீட்சையில்
ஐம்பதுக்குப் பதினேழு வாங்கிய காது இது.
என் ஃபேனை அவள் பக்கம் திருப்பினேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.
மேனேஜர் ஃபேனைப் பார்த்தார்.
அவ்வளவுதான்,
அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள்.

கட்டு அவிழ்த்தேன். நாற்பது காலர்.
ஏழாவதில் சீட்டு கோணல்.
பிரிக்கச் சொல்லுமுன் ஒருமுறை வாய்க்குள் படித்தேன்.
நாளைக்கு எதிர்காலம் தொடங்குகிறார்களாம்.
நோட்டு தீர்ந்துவிட்டது,
மெஜஸ்டிக்கில் வாங்கணும்.