நூற்றுக்கு நாலு

க்ரோனிங்கன் மழை
சைக்கிள் இருக்கைகளாகப் பார்த்துப் பெய்கிறது.
ஹாலிஃபாக்ஸ் பொட்டலம் வந்துவிட்டது,
சுங்க வரியே பதினொரு யூரோ.
அதே தொடர்தானே, என்கிறாள் வீப்கே.

அதே தொடர்தான்.
ஆஸ்திரேலியத் தட்டில் மதுக்கடைப் பாட்டை மாற்றிவிட்டார்கள்,
உரிமை கிடைக்கவில்லையாம்;
ஓடெட் கல்லாண்ட் இல்லாத தாளத்துக்குத் தலையாட்டுகிறாள்.
நம் ஊர்த் தட்டு முழுசு. வேகம்தான் கூட,
நூற்றுக்கு நாலு.
குரல் முக்கால்வாசி அரைச் சுரம் ஏறிவிடும்.
காது சோதிப்பதுதான் என் பிழைப்பு,
இருபது வருடமாகக் கண்டுபிடிக்கவில்லை.

கனடாவில் நாற்பத்தாறு நிமிடம், இங்கே நாற்பத்து நாலு.
எந்தக் காட்சியையும் வெட்டவில்லை.
ஒவ்வொரு மூச்சிலும் துளித் துளியாகக் கிள்ளியிருக்கிறார்கள்.

ஏழாம் அத்தியாயம், பிணவறைக் கதவு.
"உங்கள் மகன்தான்."
இந்தக் குரல் கனக்கிறது.
இவளுக்கு முந்தின இரவே தெரியும்.
என்னுடைய ஓடெட் இதையே
பஸ் கிளம்பப்போகிறது போலச் சொல்வாள்,
சொல்லி முடித்தபின்தான் அவளுக்கே கேட்கும்.

இடது காது இனித் திரும்பாது என்று
ஆட்களிடம் சொல்ல
நான் கற்றது அவளிடம்.

"அதான் நீ அப்படிக் கொட்டுகிறாயா?"
வீப்கே சிரிக்கவில்லை.

திங்கள் காலை ஒன்பதரைக்கு
திருமதி ஹூக்ஸ்ட்ராட்டன் வருகிறார்,
வலது காது.
தட்டை எடுக்காமல்
அந்தக் கதவைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறேன்.
அவள் கைப்பிடியைத் தொடுகிறாள்,
இன்னும் தொட்டுக்கொண்டிருக்கிறாள்.
இவ்வளவு நேரமா
பேசாமல் நின்றாய், ஓடெட்.