குப்பை நாள்

படகைக் கடலுக்குள் தள்ளிவிடுவது என் வேலை.
இடுப்பளவு நீர் வரும்வரை டிராக்டரைப் பின்னால் விடுவேன்.
உப்புத் தின்ற அச்சு முனகும்.
ஆரஞ்சு அங்கி மாட்டிய நாற்பது பேர்
எனக்குக் கையசைப்பார்கள்,
நானும் பார்க்க வேண்டிய பிராணிகளில் ஒன்று என்பதுபோல.
ஒன்பது பருவங்கள். ஒருமுறையும் ஏறியதில்லை.

இன்று நெரேயாவுக்குக் காய்ச்சல்.
"தலை எண்ண ஆளில்லை, நீ வா" என்றார்
காப்டன் எவாரிஸ்தோ பியூ.
டிராக்டரை அவர் மகனிடம் விட்டுவிட்டு
ஈரக் காலோடு ஏறினேன்.

முனைப் பாறையில் கடல்சிங்கங்கள்.
ஏலம் போகாத மீன்சந்தை இரைச்சல்.
நாற்றத்தில் ரொசாரியோவின் பல் மருத்துவர்
கைக்குட்டையை எடுத்தார்.
மேலே நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்ந்தன.
கூட்டத்துக்கு முந்தி வந்துவிட்ட ஒற்றைப் பென்குயின்
பஸ் மாறி ஏறியவன் முகத்தோடு
எங்களைக் கடந்து போயிற்று.

எவாரிஸ்தோ எஞ்சினை அணைத்தார்.

முதலில் மூச்சு.
இரண்டாகப் பிரிந்து எழுந்த நீர்ப்புகை
என் கண்ணாடியில் படிந்தது.
பிறகு மூக்கு, சுண்ணாம்பு உரிந்த சுவர்போல.
அவ்வளவுதான்.
முதுகு இல்லை. வால் இல்லை.
சாய்வாக மூக்கை மட்டும் நீட்டி
மூச்சிழுத்து
உள்ளே போய்விட்டது.

"இதற்கா இவ்வளவு பணம்?" என்றார் பல் மருத்துவர்.

பக்கத்தில் அதன் கன்று. அதற்கு இன்னும் தெரியவில்லை.
முதுகு முழுக்க வெளியே தெரிய
வெயிலில் கிடந்தது.
ஒரு கடற்காகம் இறங்கியது,
தன் வீட்டுக் கூரையில் இறங்குவதுபோல நிதானமாக.
கொத்தி, தோலை இழுத்து, விழுங்கி,
மறுபடி கொத்தியது.
கன்று வில்லாக வளைந்தது.
படகில் யாரும் படம் எடுக்கவில்லை.

"முன்பெல்லாம் மேஜைபோல மிதக்கும்" என்றார் எவாரிஸ்தோ.
"இப்போது பெரியவை ஒளிந்து மூச்சுவிடப் பழகிவிட்டன.
ஊர்க் குப்பைமேட்டில் தின்று பெருத்த பறவைகள்.
என்ன செய்ய?"
சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல்
கயிற்றைச் சுருட்டினார்.

அந்தக் குப்பையை
வியாழன்தோறும் இழுத்துப்போய்க் கொட்டுவது
இதே டிராக்டர்தான்.

திரும்பும்போது நாற்பது தலைகளை எண்ணினேன்.
முப்பத்தொன்பது வந்தது. மறுபடி எண்ணினேன்.
பல் மருத்துவர் குனிந்து
வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்.

இரவு காற்று அடங்கிய பின்
விரிகுடாவிலிருந்து மூச்சு கேட்கிறது,
என் ஜன்னலுக்குக் கீழேயே படுத்திருப்பதுபோல.
எண்ணிப் பழகிய வாய்.
ஒன்று. இரண்டு.
மூன்று சின்னதாக, அவசரமாக.

நாளை புதன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.
இல்லை.