கண்ணாடிக்கு வெளியே ஒரு கண்ணாடி

லாங்கென்தாலில் ஒருவன்
தன் கடலைக் கலைத்துக்கொண்டிருந்தான்.
விவாகரத்து. பவளம் அவளுக்கு, மோட்டார் அவனுக்கு,
மீனை யார் கேட்டாலும் கொடுப்பதாகச் சொன்னான்.
ஐம்பது பிராங்குக்கு ஓர் ஊதா டாங்.
குளிர்ப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
ஓல்ட்டன் ரயிலில் நானும் ஆரணியும்.
பயணச்சீட்டுப் பார்க்க வந்தவர்
"ஐஸ்கிரீமா?" என்றார்.
"டொக்டர்" என்றாள், சிரிக்காமல்.
ஜெர்மனில் இந்த மீனுக்கு அதுதான் பெயர்,
வாலடியில் கத்தி வைத்திருப்பதால்.
எங்களோடு இருக்க வந்த இரண்டு மாதத்தில்
என் முன்னால் அவள் சொன்ன முதல் பகிடி.

வீட்டில் விளக்கணைத்தோம்.
மீனை வாளிக்கு மாற்றி
காற்றுக்குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு
தொட்டித் தண்ணீரைச் சொட்டவிட்டோம்,
நொடிக்கு மூன்று.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது
மீனின் உடம்புக்கும் தெரியும் போலும்.
பழைய வீட்டு உப்பை அது மறக்க
ஒரு மணி நேரமாவது கொடுக்க வேண்டும்.
அவசரப்படுத்தினால் செத்துப்போகும்.

அதற்குள் நான் தோள்வரை கையை விட்டு
கற்களை இடம் மாற்றினேன்.
புதியவர் வருமுன் பழையவரின் வீட்டைக்
குலைத்துவிட வேண்டும், அதுதான் முறை.
எல்லோருக்கும் எல்லாம் புதிதென்றால்
யாரும் சொந்தக்காரர் இல்லை.
வாளியோரம் குந்தியிருந்தவள் சொன்னாள்:
"நான் வரேக்க
நீங்கள் ஒரு கதிரையைக்கூட அரக்கேல்லை."

சொட்டு.
சொட்டு.
என் கை தண்ணீருக்குள் இருந்தது.
அதை எப்படி வெளியே எடுப்பது என்று தெரியவில்லை.

மஞ்சளன் இந்தத் தொட்டியை ஆறு வருடம் ஆண்டவன்.
இருட்டிலும் கண்டுகொண்டான்.
ஊதா உடம்பை மன்னித்திருப்பான்;
அந்த வால், தன் நிறத்திலேயே அந்த வால்!
செட்டை விரித்துப் பக்கவாட்டில் நின்று வீசினான்.
விலாவில் ஒரு வெள்ளைக் கீறல்.
இன்னொன்று.
பம்புக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது ஊதா.

பத்து மணிக்குமேல் குழாய்கூடத் திறக்காத கட்டடம்.
கீழ்வீட்டு ட்ஸ்பிண்டன் அம்மாவுக்கு மெல்லிய நித்திரை.
ஆகவே கிசுகிசுப்பில் சண்டை பிடித்தோம்:
வலை எடு, வேண்டாம், தடுப்புப் போடு, எதை வைத்து.
"திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்றது நான்தான்.
எழுந்து அறைக்குப் போனாள்.
கதவு சாத்தும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.
சாத்தவில்லை.
திரும்பி வந்தாள்,
கண்ணுக்கு மை போடும் கண்ணாடியோடு.
தொட்டியின் இடப்பக்கம், வெளியே,
டேப் போட்டு ஒட்டினாள்.
கண்ணாடிக்கு வெளியே ஒரு கண்ணாடி.

விடிந்து விளக்கேற்றியதும் மஞ்சளன் திரும்பினான்.
அங்கே ஒரு மஞ்சளன்.
செட்டை விரித்தான். அவனும் விரித்தான்.
மூன்று நாள் சாப்பாட்டை மறந்து
தன்னோடு தானே மோதிக்கொண்டிருந்தான்.
எந்தக் கல்லுக்கு எத்தனை வாசல் என்று
அந்த மூன்று நாளில் ஊதா படித்துவிட்டது.

நாலாம் நாள் கண்ணாடியைக் கழற்றி
இரண்டு மூலையில் இரண்டு கிளிப்,
கிளிப்புக்கு ஒரு கடற்பாசித் தாள்.
தன்னுடையதைத் தின்று முடித்த மஞ்சளன்
மற்ற மூலைக்கும் போனான்.
மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.
போனவன் அடிக்கவில்லை. இருந்தது நகரவில்லை.
கிழிந்த தாளின் இரண்டு ஓரத்தில்
இரண்டு சின்ன வாய்கள்.

அமைதி என்று சொல்லமாட்டேன்.
விளக்கேறும் நேரம் இன்றைக்கும் ஒரு துரத்தல் உண்டு.
கீறல் ஆறிய இடத்தில் கோடு இருக்கிறது.

சனிக்கிழமை விடியப்புறம்
பேக்கரி வேலை முடித்து வந்த அவளுடைய அப்பா
இருட்டில் முழங்காலை இடித்துக்கொண்டார்.
"ஆர் இந்த சோபாவை இங்க இழுத்து வைச்சது?"
அதில்தான் உட்கார்ந்திருந்தோம்
நானும் அவளும்,
மீனைப் பார்த்தபடி.